ஜீப்பும் கைவைத்தியமும்

பழுது பார்ப்பதற்கு மிகவும் சுலபமான வாகனம் எது என்று யாராவது கேட்டால் ஜீப் என்று சொல்லிவிடுவேன்; உலகத்தில் ஓயாமல் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டே இருக்கும் வாகனம் எது என்று கேட்டாலும் அதே விடையைத்தான் சொல்வேன்; இவ்விரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள உறவைக் கண்டுபிடிப்பதற்குத்தான் என் ஆயுளில் ஒரு பகுதியும், ஏலக்காய் விற்ற பணத்தில் பெரும் பகுதியும் செலவாயின.

போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு ஜீப் என்பது ஆடம்பரப் பொருளன்று. பொழுது விடிவதற்கு முன்பே தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு மலைப்பாதையின் வளைவுகளில் முக்கி முனகி ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் அவர்களை இறக்கிவிட்டு, மாலையில் அவர்களோடும் அவர்களுடைய அலுப்போடும் திரும்பி வருகிற ஜீப்புகளை நம்பித்தான் இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. எனக்கும் மலைமேல் ஏலச்செடி கொஞ்சம் உண்டு. அதற்குப் போகும் வழியைச் சர்வே வரைபடம் பெருந்தன்மையோடு பாதை என்று குறித்திருக்கிறது. கோடைக்காலத்தில் பாறைகளும் மழைக்காலத்தில் ஓடையும் அந்தப் பெயரை ஆட்சேபித்து வருகின்றன. இவ்வழக்கில் இரு தரப்புக்கும் நடுவே போய்வரத் தகுந்தது, நான்கு சக்கரங்களுக்கும் யந்திரத்தின் இழுவை போய்ச் சேருகிற ஜீப் ஒன்றுதான் என்று அனுபவஸ்தர்கள் சொன்னதால், நானும் ஒன்று வாங்கினேன்.

ஒன்று என்று சொல்வது பேச்சுக்காகத்தான். அதன் பானெட் ஒரு தோட்டத்து வண்டியிலிருந்தும், கியர்ப் பெட்டி ராணுவ ஏலத்தில் கழிந்த ஒரு வண்டியிலிருந்தும், கதவுகள் மதுரையில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்தும், பின் இருக்கை ஏதோ ஒரு சினிமாக் கொட்டகையிலிருந்தும் வந்து சேர்ந்தவை என்று, விற்றவரே பெருமையோடு சொன்னார். இப்படிப் பல குலங்கள் கலந்த வண்டியின் குறைகளை எந்தக் கம்பெனியின் தலையிலும் சுமத்துவதற்கு நியாயமில்லை. கம்பெனிக்காரர்கள் செய்து கொடுத்தது எதுவும் அவர்கள் வைத்த இடத்தில் இல்லை என்பதே அந்த வண்டியின் தனிப்பெருமை.

இதற்காக முந்திய உரிமையாளர்களை நான் குறை சொல்லவும் மாட்டேன். ஜீப்பின் பூர்வோத்தரத்தை விசாரித்தால், அது பிறப்பதற்கு முன்பே அதன்மீது பலர் கை வைத்துவிட்டார்கள் என்று தெரியவரும். 1940-ஆம் வருஷம் அமெரிக்க ராணுவம், நான்கு சக்கர இழுவையுள்ள சிறு வண்டி ஒன்று வேண்டுமென்றும், அதன் எடை 1,300 ராத்தலுக்கு மிகக் கூடாதென்றும் கேட்டது. அந்த எடைக்குள் அப்படி ஒரு வண்டியை மனித யத்தனத்தால் செய்ய இயலாது என்பதைப் பிறகு ராணுவமே ஒப்புக்கொண்டது. பென்ஸில்வேனியாவில் பட்லர் என்னும் ஊரிலிருந்த பாண்டம் என்ற சிறு கம்பெனி, 49 நாள் கெடுவுக்குள் முதல் வண்டியைக் கட்டிக் கொடுத்தது. ராணுவம் அதைப் பாராட்டி, அதன் வரைபடங்களை வில்லிஸ், போர்டு என்ற வேறு இரண்டு கம்பெனிகளுக்கும் காட்டிவிட்டது. வில்லிஸ் கட்டிய வண்டியோ, புதிதாக நிர்ணயித்த 2,160 ராத்தல் வரம்பையும் தாண்டி நின்றது. அந்தக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் டெல்மர் ரூஸ் என்பவர், வண்டியை அக்கக்காகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் தராசில் ஏற்றி, நீண்ட போல்ட்டுகளின் நுனிகளைக் கூட அறுக்கச் செய்து, பெயிண்டையும் ஒரு பூச்சோடு நிறுத்திக் கணக்கை நேர் செய்தார். பிறகு வில்லிஸும் போர்டும் யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. போர்டு தன் போல்ட்டுகளின் தலையில் ‘எஃப்’ என்ற எழுத்தைப் பொறித்துத் தன் சொத்தை அடையாளப்படுத்திக்கொண்டதாயினும், ஒருவருடைய பாகம் மற்றவருடைய வண்டியில் தடையின்றிப் பொருந்தியது. யுத்தத்துக்குப் பின், 1940-களின் இறுதியில், மகீந்திரா நிறுவனம் பம்பாயில் இவ்வண்டியைப் பூட்டத் தொடங்கியது முதல் இந்தியாவிலும் அந்த வமிசம் பெருகிற்று. போல்ட்டு நுனியை அறுப்பதில் ஜன்மம் எடுத்த ஒரு வாகனத்தை வாங்குகிறவன், அரத்தைக் கையில் எடுக்காமல் இருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது தர்மமாகாது.

தவிரவும், ஜீப்பின் அமைப்பே ஊராரை அழைப்பதாக இருக்கிறது. பானெட்டின் இரு பக்கத்துக் கொக்கிகளையும் தட்டிவிட்டுத் தூக்கினால், யந்திரம், கார்ப்பரேட்டர், டைனமோ, ‘டெல்கோ’ என்று வழங்கும் டிஸ்ட்ரிப்யூட்டர் எல்லாம் ஒளிவு மறைவின்றித் தரிசனம் கொடுக்கும். எந்த நட்டுக்கும் ஸ்பானர் எட்டும். எந்த மூலைக்கும் கை போகும். பஜாரில் ஒரு ஜீப்பின் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். டீக்கடைக்காரர் அடுப்பை விட்டு வருவார். ஓய்வு பெற்ற ராணுவ டிரைவர் திண்ணையை விட்டு வருவார். உயர்நிலைப் பள்ளி விஞ்ஞான ஆசிரியர் சைக்கிளைச் சாத்திவிட்டு வருவார். ஜீப்பைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் மட்டுமே தங்கள் அபிப்பிராயத்தைச் சற்றுத் தாமதித்துச் சொல்வார்கள்.

எங்கள் வண்டிக்கு முதலில் கண்ட வியாதி ஆட்டம். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை நெருங்கும் சமயத்தில் ஒரு சக்கரம் சிறு குழியில் இறங்கி ஏறினால் போதும். முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாகப் படபடக்க, ஸ்டீயரிங் கையை உதற, ஓட்டுகிறவருடைய பல்வரிசை தாளம் போடத் தொடங்கும். வண்டியை நிறுத்தினாலொழிய அந்தக் கச்சேரி நிற்காது.

“கிங் பின் பேரிங் தேஞ்சு போச்சுங்கய்யா” என்றார் ராணுவ டிரைவர்.

“அதெல்லாம் இல்ல சார், டை ராடு எண்டு தளர்ந்திருக்கு” என்றார் பட்டறை மேஸ்திரி.

“அண்ணே, டயர்ல காத்து கூடிப்போச்சு. எறக்கிவிட்டுப் பாருங்க” என்றார் டீக்கடைக்காரர்.

முன்சக்கரங்கள் முன்பக்கத்தில் இம்மியளவு உள்வாங்கி நிற்க வேண்டுமென்றும், இதிலே அவை வெளிவாங்கி நிற்பதே மூலகாரணமென்றும், விஞ்ஞான ஆசிரியர் நூலும் சுண்ணாம்புக் கட்டியும் கொண்டு நிரூபித்தார்.

இவர்களில் ஒருவர் சொன்னது சரியாகவும் மற்றவை தவறாகவும் இருந்திருந்தால் விஷயம் எளிதாக முடிந்திருக்கும். இந்த வியாதியின் விசேஷம், நால்வர் சொன்னதும் சரி என்பதுதான். பல மூட்டுகளில் உள்ள சிறு சிறு தளர்ச்சிகள் ஒன்று சேர்ந்துதான் அந்தத் தாண்டவத்தை நடத்துகின்றன. ஒன்றைச் சரி செய்தால் மற்றவை தங்கள் பொறுப்பை உணர்ந்து தொடர்ந்து நடத்துகின்றன. டை ராடு முனைகளை மாற்றியபின், 40-இல் வந்த ஆட்டம் 45-இல் வந்தது. சக்கரங்களின் நிலையைத் திருத்தி, டயரில் காற்றையும் இறக்கியபின் 50-இல் வந்தது. எஞ்சியது கிங் பின். அதன் மூடிக்கு அடியில் காகிதக் கனத்தில் சில தகடுகள் உண்டு, ஷிம் என்பார்கள், ஒன்றை எடுத்தால் பேரிங் ஓரளவு இறுகும். எவ்வளவு இறுக வேண்டும் என்பதை, ஸ்டீயரிங் கரத்தில் ஒரு வில் தராசைக் கொக்கியிட்டு இழுத்து, எத்தனை ராத்தலில் அசைகிறது என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டுமென்று கைப்புத்தகம் விதிக்கிறது. காய்கறிக் கடையிலிருந்து தராசை இரவல் வாங்கி வந்தேன். ராணுவ டிரைவர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. “நாப்பது வருஷமா இந்தக் கைதானுங்கய்யா தராசு” என்று சொல்லி, சக்கரத்தைப் பிடித்து ஒரு தடவை ஆட்டினார். இரண்டு தகடுகளை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார். அதன் பிறகு ஆட்டம் வருவதில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்புவதற்குத்தான் இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது.

இதிலிருந்து நான் ஒரு சித்தாந்தத்துக்கு வந்தேன். ஜீப்பில் பழுது பார்த்தல் என்பது பழுதை நீக்குவதன்று; அதற்கு இடமாற்ற உத்தரவு கொடுப்பது. வண்டியில் உள்ள கோளாறுகளின் மொத்தத் தொகை எக்காலத்தும் குறைவதில்லை. அது இருக்கும் ஸ்தானமே மாறுகிறது.

மலைப்பாதையில் வழங்கி வரும் கைவைத்தியங்களைக் கவனித்தால் இந்த உண்மை விளங்கும். ரேடியேட்டரில் ஊசித் துவாரம் விழுந்து நீர் கசிந்தால், ஒரு கரண்டி மஞ்சள்தூளை உள்ளே கொட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். நீரோடு சுற்றி வரும் தூள் துவாரத்தில் போய் அடைத்துக்கொண்டு கசிவை நிறுத்திவிடும். இது பரீட்சித்து அறிந்த உண்மை. ஆனால், மஞ்சள்தூளுக்கு எது துவாரம், எது ரேடியேட்டரின் மெல்லிய குழாய் என்ற பாகுபாடு தெரியாது. அது குழாய்களையும் அதே பக்தி சிரத்தையோடு அடைக்கிறது. நீரோட்டம் தடைப்பட்டு யந்திரம் கொதிக்கிறது. கொதிப்பில், குழாயில் வரும் பெட்ரோல் ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியை இழுத்து ஏமாந்து, செங்குத்தான ஏற்றத்தில் வண்டி நின்றுவிடுகிறது. அதற்கு வைத்தியம், பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுவது. என் தோளில் கிடந்த துண்டு அந்தப் பதவியை வெகு காலம் வகித்தது. பெட்ரோல் டாங்க் கசிந்தால் துணி துவைக்கும் சோப்பைக் குழைத்து அப்புவார்கள். சோப்பைப் பெட்ரோல் கரைப்பதில்லையாதலால், ஊர் போய்ச் சேரும் வரை அது தாங்கும். ‘டெல்கோ’வுக்குள் உள்ள பாயிண்ட்டுகள் கறுத்துப்போனால், தீப்பெட்டியின் உரசுபக்கத்தைக் கிழித்துத் தேய்த்து, அவற்றின் இடைவெளியை 0.020 அங்குலத்துக்குச் சரி செய்ய வேண்டும். சவர பிளேடுகள் ஐந்தை அடுக்கினால் ஏறக்குறைய அந்தக் கனம் வந்துவிடும். ஆகவே, மலைக்குப் புறப்படும்போது மஞ்சள், சோப்பு, தீப்பெட்டி, பிளேடு ஆகியவை வீட்டிலிருந்து வண்டிக்குக் குடியேறிவிடும். “ஏங்க, ரசத்துக்கு மஞ்சத்தூள் இல்ல, ஜீப்புல இருந்தா ஒரு கரண்டி எடுத்துட்டு வாங்க” என்று என் மனைவி திண்ணையில் உள்ளவர்கள் காதில் விழும்படி சொல்வதில், யந்திர சாஸ்திரத்தின்மேல் அவளுக்குள்ள அபிப்பிராயம் அடங்கியிருந்தது.

இவையெல்லாம் உள்ளதை உள்ளபடி காப்பாற்றும் முயற்சிகள். உள்ளதைவிட உயர்ந்த நிலைக்குக் கொண்டு போகலாம் என்ற எண்ணம் ஒருவனுக்கு உதயமாகும்போதுதான், எலிகளிடமிருந்து கோவணத்தைக் காப்பதற்காகப் பூனை வளர்த்த சந்நியாசியின் மார்க்கத்தில் அவன் அடி எடுத்து வைக்கிறான். எங்கள் சபையில் அந்த எண்ணம் டயர் உருவத்தில் உதயமாயிற்று. ஜீப்புக்கு விதித்த டயர் 6.00-16, அதன் இடத்தில் 7.50-16 டயரைப் போட்டால் வண்டி பாறைகளுக்கு மேலே உயர்ந்து நிற்கும் என்று டீக்கடைக்காரர் பிரேரேபிக்க, ஏகமனதாக நிறைவேறியது. வண்டி உயர்ந்ததில் சந்தேகமில்லை. சக்கரத்தின் சுற்றளவு கூடிவிட்டதால் வேகமானி உண்மை வேகத்தைவிட ஏறக்குறையப் பத்து சதவிகிதம் குறைத்துக் காட்டியது. அதனால் எனக்கு நஷ்டமில்லை. ஆனால், அதே விகிதத்தில் யந்திரத்தின் இழுவையும் குறைந்து போனது. முன்பு இரண்டாவது கியரில் ஏறிய மேட்டில் இப்போது முதல் கியரும், முதல் கியரில் ஏறிய மேட்டில் பிரார்த்தனையும் தேவைப்பட்டன.

இழுவை குறைந்ததற்கு மருந்து டீசல் யந்திரம் என்று மேஸ்திரி சொன்னார். பழைய டிராக்டர் ஒன்றின் யந்திரம் அவருக்குத் தெரிந்தவரிடம் இருந்தது. நான் பிற்காலத்தில் அறிந்தவரை, மேஸ்திரிக்குத் தெரிந்தவர்களிடம் எப்பொழுதும் ஏதாவது இருக்கும். முறைப்படி அனுமதி பெற்று, ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்து, லேத் பட்டறையில் கடைந்த கனத்த தகடு ஒன்றை இடையே வைத்து, டிராக்டரின் யந்திரத்துக்கும் ஜீப்பின் கியர்ப் பெட்டிக்கும் பாணிக்கிரகணம் செய்து வைத்தார்கள். டீசலில் பாயிண்ட்டும் இல்லை, பிளக்கும் இல்லை. ஆகவே தீப்பெட்டியும் பிளேடும் வீட்டுக்குத் திரும்பின. அவற்றுக்குப் பதிலாக ஏர் லாக் வந்தது. டாங்க் ஒரு தடவை வற்றிவிட்டால் குழாயில் காற்று புகுந்துகொள்ளும்; திருகைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, கடைசிக் குமிழி வெளியேறும் வரை பாதையோரத்தில் தவம் இருக்க வேண்டும். இழுவைக்குக் குறைவே இல்லை. ஆனால், டிராக்டர் யந்திரம் நிதானமாகச் சுழலும் சுபாவமுடையது. ஜீப்பின் அச்சு ஹவுஸிங்கில் உள்ள பற்களோ, புரொப்பெல்லர் தண்டு 5.38 தடவை சுழன்றால்தான் சக்கரம் ஒரு தடவை சுழலும்படி, வேகமாகச் சுழலும் பெட்ரோல் யந்திரத்தை உத்தேசித்து வெட்டப்பட்டவை. இரண்டு நிதானங்களும் சேர்ந்ததன் பலனாக, சமவெளியில் சரக்கு லாரிகள் எங்களுக்கு ஹார்ன் அடிக்கத் தொடங்கின.

டீசல் யந்திரம் கனத்தது, முன்பக்கம் தாழ்ந்தது. தாழ்ந்ததைத் தூக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டினோம். முன்பக்கம் தூக்கினால் பின்பக்கம் தாழ்ந்து காணும் என்பது இயற்கை. பின்பக்கத்துக்கு நீண்ட ஷேக்கிள்களை மாட்டினோம். பின்பக்கம் தூக்கியதும், புரொப்பெல்லர் தண்டின் சாய்வு மிகுந்து, அதன் கிராஸ் மலைப்பாதையின் மத்தியில் முறிந்து விழுந்தது. இந்த இடத்தில், ஜீப்பைப் படைத்தவர்களின் மேதையை நான் வணங்கியே ஆக வேண்டும். பின் தண்டை அடியோடு கழற்றி வண்டிக்குள் போட்டுக்கொண்டு, தரையில் உள்ள இன்னொரு லீவரை மாற்றிப் போட்டால், முன்சக்கரங்களின் இழுவையில் மட்டுமே வண்டி ஊர் வந்து சேரும். வேறெந்தக் காருக்கு இந்தப் பாக்கியம் உண்டு? வழியில் இறக்கத்தில் நிறுத்தியபோதுதான், ஜீப்பின் கை பிரேக் சக்கரங்களில் இல்லை, அந்தத் தண்டு கிளம்பும் இடத்தில் இருக்கிறது என்பதும், தண்டைக் கழற்றினால் பின்சக்கரங்களுக்கும் அந்தப் பிரேக்குக்கும் யாதொரு பந்தமும் இல்லை என்பதும் பிரத்தியட்சமாயின. அன்றுமுதல் எங்கள் வண்டியில் ஒரு நல்ல கருங்கல்லும் நிரந்தரப் பிரயாணியாக வருகிறது. இதுவரை நாங்கள் செய்த மாறுதல்களில் பின்விளைவு இல்லாதது அது ஒன்றே.

ஒரு சமயம் என் மருமகப்பிள்ளை சென்னையிலிருந்து புதிய கார் ஒன்றில் வந்தார். அவர் உதவி செய்யும் ஆர்வத்தில் ஜீப்பின் இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்ற முற்பட்டு, ஸ்பானரின்மேல் ஏறி நின்று குதித்தும் நட்டு அசையவில்லை. “அது எடது பக்கம் தம்பி, அந்த மரை தலைகீழா ஓடும்” என்று டீக்கடையிலிருந்து குரல் வந்தது. ஓட்டத்தில் தானாகக் கழன்றுவிடாமல் இருப்பதற்காகப் பழைய ஜீப்புகளில் இடப்பக்கத்து நட்டுகளுக்கு இடமரை வைத்திருப்பதை ஊரில் அறியாதவர் இல்லை. பிறகு, சமத்துவத்துக்காக, அவருடைய காரின் பானெட்டையும் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்று தெரிந்தது. சபையினர் அதைச் சற்று நேரம் மௌனமாகப் பார்த்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராகக் கலைந்து போனார்கள். அந்தக் கார் இன்றுவரை பழுதானதில்லை என்று மருமகப்பிள்ளை சொல்கிறார். ஆச்சரியம் என்ன? அதைப் பழுது பார்க்கத்தான் இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாதே! ஜீப் பழுதாவது பாகங்கள் தேய்வதனால் என்று புத்தகங்கள் சொல்லலாம். அதைச் சீர்திருத்தத் தெரிந்தவர்கள் சுற்றிலும் நிறைந்திருப்பதனால்தான் அது பழுதாகிறது என்பதே என் அனுபவம். வண்டி என் பேரில் இருக்கிறது; வரி நான் கட்டுகிறேன்; நிர்வாகம் மட்டும் பொதுஜனங்களைச் சேர்ந்தது.

இந்த நிர்வாகத்துக்குச் சர்க்காராவது ஒரு முற்றுப்புள்ளி வைக்கும் என்று ஒரு காலத்தில் நம்பினேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதென்று விதிக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தித் தீர்ப்பளித்தது. பழைய வண்டிகளின் பதிவை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டுமாதலால், பெரிய டயர்களையும் நீண்ட ஷேக்கிள்களையும் கழற்றி வைத்துவிட்டு, கூடிய வரையில் பூர்வாசிரமத்து உருவத்தோடு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஊரும் பேரும் வேண்டா. பரிசோதிக்க வந்த அதிகாரி கண்டிப்பானவர் என்று சொன்னார்கள். அவர் வண்டியை ஒரு தடவை வலம் வந்தார். குனிந்து பார்த்தார். பானெட்டின் கொக்கிகளைத் தாமே தட்டிவிட்டுத் தூக்கினார். அப்போதே எனக்கு அவருடைய முகத்தில் பரிச்சயமான ஒரு பிரகாசம் தென்பட்டது. காகிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தபின், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் தோளருகில் வந்து தணிந்த குரலில் சொன்னார்:

“சார், பின்னாடி ஷேக்கிள ரெண்டு இஞ்சு நீளமாப் போட்டுப் பாருங்க, மலையில சும்மா அள்ளிக்கிட்டுப் போகும். நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். எழுதுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.